நாற்றங்காலும் நடவு வயலும்: வேலைப் பட்டியல் போடுவது எப்படி?

மன்னார்குடியில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. ஐப்பசி பிறந்துவிட்டால் கடை வாசலில் கூட்டம் நிற்கும். சம்பா பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள் வழக்கமாக நவம்பர் நடுவில் வரும் என்பதால், சுற்றுவட்டாரத்து விவசாயிகள் எல்லோரும் சிட்டா, அடங்கல் (நிலத்துக்கும் பயிருக்குமான ஆவணங்கள்), ஆதார், பாஸ்புக்கின் முதல் பக்கம் என்று நகல் எடுக்க வருவார்கள். சில வருஷங்களுக்கு முன்பு, அப்படி ஊருக்கெல்லாம் நகல் எடுத்துக் கொடுத்த நான், என் அப்பாவின் இரண்டு ஏக்கருக்குக் காப்பீடு கட்ட மறந்துபோனேன்.

மறந்தேன் என்று சொல்வதுகூடச் சரியில்லை. கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்திருந்தேன். அதில் முதல் வரியே ‘இன்ஷூரன்ஸ்’ என்றுதான் இருந்தது. மூன்று வாரம் தினமும் அந்த வரியைப் பார்த்தேன். பார்த்துவிட்டு அதற்குக் கீழே இருந்த ‘டோனர் ஆர்டர்’, ‘கரண்ட் பில்’ ஆகியவற்றை முடித்து அடித்தேன். கடைசி நாளும் தாண்டிப் போனது. அப்பா திட்டவில்லை. “ஏன் தம்பி, ஊர்ப் பேப்பரெல்லாம் ஒன் கையாலதானே போச்சு?” என்று மட்டும் கேட்டார். நல்லவேளை, அந்த வருஷம் மழை பெரிதாகக் கெடுக்கவில்லை. தப்பித்தோம்.

ஆக, பட்டியல் போட்டால் வேலை நடந்துவிடும் என்று நான் சொல்லப் போவதில்லை. நான் போட்டேன், நடக்கவில்லை. பட்டியலை எப்படி எழுதுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அதைத்தான் இங்கே பேசப் போகிறேன்.

முதலில், எதற்காக எழுத வேண்டும்? நமக்கு ஞாபகசக்தி இல்லையா?

இருக்கிறது. ஆனால் அதன் வேலை முறை கொஞ்சம் விசித்திரமானது. 1920-களில் பெர்லினில் படித்துக்கொண்டிருந்த ப்ளூமா ஸைகார்னிக் என்ற உளவியலாளர், முடித்த வேலையைவிட பாதியில் நிறுத்திய வேலை மனதில் அதிகம் நிற்கிறது என்று சோதனை செய்து 1927-இல் எழுதினார். காசு வாங்காத ஆர்டர்களை ஹோட்டல் சர்வர்கள் நன்றாக ஞாபகம் வைத்திருப்பதும், காசு வாங்கியதும் மறந்துவிடுவதும்தான் இந்த ஆராய்ச்சிக்குத் தூண்டுதல் என்பார்கள். இதற்கு பெர்லின் வரை போக வேண்டியதே இல்லை. எங்கள் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்தாலே தெரியும். யார் இரண்டு டீ, ஒரு வடைக்கு இன்னும் காசு தரவில்லை என்பது மாஸ்டருக்குத் தெரியும். காசு கொடுத்துவிட்டுப் போனவர் என்ன சாப்பிட்டார் என்று கேட்டால் விழிப்பார்.

ஸைகார்னிக்கின் முடிவு பிற்காலச் சோதனைகளில் எல்லா முறையும் அப்படியே திரும்பி வந்துவிடவில்லை. ஆனாலும் முடியாத வேலை மனதை நச்சரிக்கும் என்பது நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். குளிக்கும்போது ஞாபகம் வரும், சாப்பிடும்போது வரும், ராத்திரி பதினோரு மணிக்கு வரும். செய்யக்கூடிய நேரத்தில் மட்டும் வராது.

2011-இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு ஒரு நல்ல செய்தி சொன்னது. மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இருவர் செய்தது. முடியாத வேலையை முடித்தால்தான் நச்சரிப்பு ஓயும் என்றில்லை, அதை எப்போது, எப்படிச் செய்வது என்று தெளிவாகத் திட்டம் போட்டுவிட்டாலே மனம் அதை விட்டுவிடுகிறது என்று அவர்கள் கண்டார்கள். 2018-இல் அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் 57 பேரை வைத்து இன்னொரு சோதனை நடந்தது. படுக்கும் முன்பு ஐந்து நிமிடம், பாதிப் பேர் இனிமேல் செய்ய வேண்டியதை எழுதினார்கள், மீதிப் பேர் ஏற்கெனவே செய்து முடித்ததை எழுதினார்கள். செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சராசரியாக ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கிப்போனார்கள். அதிலும் விவரமாக எழுதியவர்களுக்குத் தூக்கம் இன்னும் சீக்கிரம் வந்தது.

‘விவரமாக’ என்ற அந்தச் சொல்தான் முக்கியம். என் நோட்டில் இருந்த ‘இன்ஷூரன்ஸ்’ என்ற ஒற்றைச் சொல்லில் அது இல்லை.

சமையல்காரர் லிஸ்ட்

என் பெரியம்மா வீட்டுக்காரர் கும்பகோணம் பக்கம் கல்யாணச் சமையல் செய்தவர். கல்யாணம் பேசி முடித்ததும் பெண் வீட்டுக்கு வந்து, திண்ணையில் உட்கார்ந்து சாமான் லிஸ்ட் சொல்லுவார். ஒருவர் எழுத வேண்டும். மேலே பிள்ளையார் சுழி, முதல் சாமான் மஞ்சள். அதற்கப்புறம் துவரம்பருப்பு இத்தனை கிலோ, புளி இத்தனை கிலோ, கடுகு இத்தனை கிராம், வாழை இலை இத்தனை கட்டு என்று கீழே போய்க்கொண்டே இருக்கும்.

‘சாம்பாருக்கு வேண்டியது’ என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. அப்படி எழுதிக் கொடுத்தால் மளிகைக் கடைக்காரர் என்ன செய்வார்? பொட்டலம் கட்ட முடியாது. லிஸ்ட்டைக் கையில் வாங்குகிறவர் மேற்கொண்டு யோசிக்காமல் கையை நீட்டி எடுக்க வேண்டும். அதுதான் அவர் போடும் பட்டியலின் இலக்கணம்.

‘இன்ஷூரன்ஸ்’ என்பது சாம்பாருக்கு வேண்டியது மாதிரிதான். அதற்குள்ளே ஐந்து வேலை ஒளிந்திருக்கிறது: கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்து அடங்கல் வாங்க வேண்டும், சிட்டா எடுக்க வேண்டும், அப்பாவின் பாஸ்புக் எங்கே இருக்கிறது என்று அம்மாவிடம் கேட்க வேண்டும், படிவம் நிரப்பி அப்பாவிடம் கையெழுத்து வாங்க வேண்டும், பணம் கட்டி ரசீது வாங்க வேண்டும். அந்த ஒற்றைச் சொல்லைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் இந்த ஐந்தும் மங்கலாக மனதில் வந்து போகும். எதிலிருந்து ஆரம்பிப்பது என்று புரியாது. கண், தானாகவே அடுத்த வரிக்கு நழுவிவிடும். நம்மைச் சோம்பேறி என்று நாமே திட்டிக்கொள்வோம். சோம்பல் இல்லை அது, வரி சரியாக எழுதப்படவில்லை, அவ்வளவுதான்.

‘அம்மாவிடம் பாஸ்புக் கேள்’ என்று எழுதியிருந்தால் அன்று ராத்திரியே முடிந்திருக்கும். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டே செய்யக்கூடிய வேலை அது.

ஒரு வரி சரியாக இருக்கிறதா என்று பார்க்க நான் ஒரே ஒரு சோதனை வைத்திருக்கிறேன். கடைசியில் ஒரு வினைச்சொல் இருக்கிறதா? கேள், எழுது, போன் செய், வாங்கு, கட்டு, கொடு. ‘தங்கச்சி கல்யாணம்’ என்பது வேலை கிடையாது, கவலை. ‘மண்டபத்துக்குப் போன் செய்து தை மாதத்தில் எந்தத் தேதி காலி என்று கேள்’ என்பது வேலை.

எட்டு சென்ட்டில் வளர்வது

இப்போது அடுத்த சிக்கல். எல்லாவற்றையும் இப்படி உடைத்து எழுதினால் பட்டியல் அனுமார் வால் மாதிரி நீண்டுவிடும். அறுபது வரி. காலையில் அதைத் திறந்து பார்த்தாலே மறுபடி படுத்துக்கொள்ளத் தோன்றும். நிறையப் பேர் பட்டியல் போடுவதை விடுவது இந்த இடத்தில்தான்.

இதற்கு விடை எங்கள் வயலிலேயே இருந்தது. எனக்குத்தான் பார்க்கத் தெரியவில்லை.

எங்கள் காவிரி டெல்டாவில் நெல்லை யாரும் நேராக முழு வயலிலும் நட ஆரம்பிப்பதில்லை (நேரடி விதைப்பு தனிக் கதை, அதை விடுங்கள்). ஒரு ஏக்கர் நடவுக்கு 8 சென்ட் நாற்றங்கால் போதும். அந்தச் சின்ன இடத்தில் அத்தனை நாற்றும் நெருக்கியடித்து நிற்கும். அங்கே இடைவெளி பார்ப்பதில்லை. சீக்கிரம் விளையும் குறுவை ரகமாக இருந்தால் மூன்று வாரம் போல வளர்ந்ததும் பறித்து, சின்னக் கட்டுகளாக முடி கட்டி, வயலுக்குக் கொண்டுபோய், ஒவ்வொரு குத்துக்கும் இடைவெளி விட்டு நடுவார்கள். நாற்றங்காலில் இருக்கிற நெருக்கத்தோடு வயலில் நட்டால் ஒன்றும் தூர் கட்டாது, அதாவது பக்கத்தில் புதுத் தண்டுகள் வெடித்துக் கிளம்பாது.

பட்டியலும் இரண்டாக இருக்க வேண்டும். ஒன்று நாற்றங்கால். மனதில் தோன்றுவது எல்லாம், பெரியது சின்னது பார்க்காமல், அதில் போய் விழட்டும். ‘ஓடு மாற்ற வேண்டும்’, ‘பையனுக்குச் சைக்கிள்’, ‘திருபுவனம் போய்ப் பட்டுப்புடவை விலை விசாரி’, எதுவாக இருந்தாலும் சரி. நூறு வரி இருந்தாலும் பயப்பட வேண்டாம், அது அப்படித்தான் இருக்கும். இன்னொன்று நடவு வயல். அது இன்றைக்கு மட்டும். நாற்றங்காலிலிருந்து பறித்து வந்த மூன்று நான்கு வரிகள், மூச்சுவிட இடம் விட்டு.

நான் செய்த தவறு இரண்டையும் ஒரே நோட்டில் ஒரே பக்கத்தில் வைத்ததுதான்.

நாற்றங்காலில் இன்னொரு பாடமும் உண்டு. நாற்றை ரொம்ப நாள் விட்டுவைத்தால் முற்றிவிடும். முற்றின நாற்றை நட்டால் அவ்வளவாகத் தூர் வெடிக்காது. அதே மாதிரி பெரிய பட்டியலில் மாதக்கணக்கில் கிடக்கிற வரிகளில் பாதி முற்றிப்போனவை. ‘தட்டச்சு வகுப்பில் சேர்’ என்று என் நோட்டில் மூன்று வருஷம் கிடந்தது. டி.டி.பி. வேலையில் ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம் அடிக்கிறவனுக்கு எதற்கு அது? வாரத்துக்கு ஒரு நாள், எனக்கு ஞாயிறு மத்தியானம், பெரிய நோட்டை மேலிருந்து கீழே ஒரு தடவை படிப்பேன். தேவையில்லாததை அடித்துவிடுவேன். குற்ற உணர்ச்சியெல்லாம் வேண்டாம். மீந்த நாற்றை மாட்டுக்குப் போடுவதில்லையா?

பெரிய நோட்டை இடம் பிரித்து எழுதுவது கிராமத்தில் இருக்கிறவர்களுக்கு ரொம்ப உதவும். எனக்கு ‘தஞ்சாவூர் போனால்’ என்று ஒரு பக்கம் உண்டு. பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஒரு வேலைக்காகப் போய்விட்டு வந்தால் நாளே போய்விடும். அதனால் அங்கே செய்ய வேண்டியது எல்லாம் அந்தப் பக்கத்தில் சேரும். என்றைக்குப் போக நேர்ந்தாலும் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டு பஸ் ஏறுவேன். ‘மழை நாள்’ என்று இன்னொரு பக்கம். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்தால் கடைக்கு ஆள் வராது. பழைய பில்களை அடுக்குவது, கம்ப்யூட்டரில் குப்பை ஃபைல்களை அழிப்பது எல்லாம் அந்த நாளுக்கு.

காலண்டர் தாள்

இன்றைய பட்டியலை எதில் எழுதுவது? என் அப்பா தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் எழுதுவார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். சிக்கனம் என்று நினைத்திருந்தேன். நானே அப்படி எழுதிப் பார்த்தபோதுதான் வேறொன்று புரிந்தது: அந்தத் தாளில் ஐந்து வரிக்கு மேல் எழுத இடமே இருக்காது. காகிதமே கணக்கை வைத்துவிடுகிறது.

நம் கையில் விட்டால் நாம் எப்போதும் கூடுதலாகத்தான் எழுதுவோம். எந்த வேலைக்கும் ஆகிற நேரத்தைக் குறைவாக மதிப்பிடுவது மனித சுபாவம். கானமன், ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979-இலேயே இதற்குத் திட்டமிடல் பிழை என்று பெயர் வைத்தார்கள். 1994-இல் வெளியான ஓர் ஆய்வில், பட்டப்படிப்பின் கடைசி ஆண்டு மாணவர்களிடம் ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். ஆனது 55 நாளுக்கு மேல். நம் கொத்தனார்களை மட்டும் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை.

அதனால் மூன்று வேலை போதும் என்பேன். முடிந்தால் நான்காவதைப் பறித்து நடலாம், யார் தடுப்பது? பத்து எழுதி நான்கு முடித்தால் ராத்திரி ஆறு பாக்கி என்று படுப்போம். மூன்று எழுதி நான்கு முடித்தால் ஒன்று கூடுதல். முடித்த வேலை இரண்டிலும் நான்குதான். ஆனால் மறுநாள் எழுந்திருக்கும்போது இருக்கிற மனநிலை ஒன்றல்ல.

எந்த நேரம் என்று எழுதவும். கடிகார நேரம் போட்டால் எனக்கு ஒத்துவருவதில்லை. பத்து மணிக்கு என்று எழுதினால் பத்து மணிக்குத்தான் கடையில் நாலு பேர் நிற்பார்கள். அதற்குப் பதிலாக ஏற்கெனவே நடக்கிற ஒன்றோடு முடிச்சுப் போட்டுவிடுவேன். ‘பால் வாங்கி வந்ததும் மின்கட்டணம் கட்டு.’ ‘கடை ஷட்டரைத் தூக்கியதும், மெஷினைப் போடுவதற்கு முன்பு, பேப்பர்க் கடைக்குப் போன் செய்.’ இன்னது நடந்ததும் இன்னது செய்வேன் என்று முடிச்சுப் போட்டு எழுதுகிறவர்கள், செய்ய வேண்டும் என்று வெறுமனே நினைக்கிறவர்களைவிட அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்று பீட்டர் கோல்விட்ஸர் என்ற உளவியலாளர் பல ஆய்வுகளை வைத்து 1999-இல் எழுதினார். என் அனுபவத்தில் இது பலித்திருக்கிறது. ஷட்டர் தூக்குவது தினமும் மறக்காது, அதனால் அதோடு கட்டியதும் மறக்காது.

காகிதமா, போனா என்று கேட்பவர்களுக்கு: எது எப்போதும் கையில் இருக்கிறதோ அது. தேதி போட்ட விஷயங்களுக்கு மட்டும் போனில் அலாரம் வைத்துவிடுங்கள். காலண்டர் தாள் சத்தம் போடாது.

கோடு போடுவதில் இருக்கும் சுகம்

வேலை முடிந்ததும் வரியின் மேல் ஒரு கோடு இழுக்கிறோமே, அதில் ஒரு சின்ன சந்தோஷம் இருக்கிறது. அதை அலட்சியப்படுத்தாதீர்கள். ஹார்வர்டின் தெரேசா அமபில் என்ற ஆய்வாளரின் குழு, ஏழு நிறுவனங்களில் 238 பேரைத் தினமும் குறிப்பு எழுத வைத்து, கிட்டத்தட்ட 12,000 குறிப்புகளைப் படித்துப் பார்த்தது. வேலையில் மனம் உற்சாகமாக இருந்த நாட்களில் பொதுவாக இருந்தது எது? பாராட்டோ போனஸோ கிடையாது. செய்கிற வேலையில் ஓரடியாவது முன்னேறியிருந்ததுதான். ஊக்கம் வந்த பிறகு வேலை செய்யலாம் என்று காத்திருக்கிறவர்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். கொஞ்சம் வேலை நடந்தால் ஊக்கம் அதன் பின்னால் வரும்.

இதில் ஒரு கள்ளத்தனமும் உண்டு. எழுதாத ஒரு வேலையை முடித்துவிட்டு, அப்புறம் அதைப் பட்டியலில் எழுதி, உடனே கோடு போடுவது. நானும் செய்வேன், தப்பில்லை. ஆனால் லேசான வேலைகளாகப் பொறுக்கிப் பொறுக்கி கோடு போட்டுக்கொண்டு, கனமான ஒன்றை மட்டும் தினமும் நாளைக்குத் தள்ளினால் அது கேடு. டோனர் ஆர்டரை அடித்த கையோடு நான் இன்ஷூரன்ஸை விட்டது அப்படித்தான். இப்போதெல்லாம் மூன்றில் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளையார் சுழி போடுகிறேன். அது முடியாமல் மற்ற இரண்டைத் தொடுவதில்லை. தொடுவதில்லை என்று சொன்னேனே தவிர, வாரத்தில் இரண்டு நாள் தொட்டுவிடுகிறேன்.

நம் கையில் இல்லாததைப் பட்டியலில் எழுதுவது இன்னொரு பெரிய தொல்லை. டெல்டாக்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. மேட்டூர் அணையிலிருந்து பாசனத்துக்குத் தண்ணீர் திறப்பது வழக்கமாக ஜூன் 12. ஆனால் 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள், 2024-இல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 120 அடி அணையில் எத்தனை அடி நிற்கிறது என்பது குடகு மலை மழையையும் கர்நாடகத்தையும் பொறுத்தது, நம் நோட்டைப் பொறுத்தது இல்லை. ‘குறுவை நடவு முடிக்க வேண்டும்’ என்று அப்பா எழுதியதில்லை. ‘மடை வாயில் மண் எடு’, ‘விதை நெல் வாங்கி வை’, ‘டிராக்டர்காரரிடம் சொல்லி வை’ என்றுதான் எழுதினார். தண்ணீர் வரும்போது வரட்டும், வந்தால் வாங்கிக்கொள்ள வயல் தயாராக இருக்க வேண்டும். ‘ஐந்து கிலோ எடை குறைய வேண்டும்’, ‘பையன் முதல் மார்க் எடுக்க வேண்டும்’ என்று எழுதுகிறவர்களும் இதை யோசிக்கலாம். சாயங்காலம் பைபாஸ் வரை நடப்பது நம் கையில் இருக்கிறது. பையனுடன் உட்கார்ந்து ஒரு மணி நேரம் கணக்குப் போடுவதும் நம் கையில் இருக்கிறது. மற்றது வாய்க்காலில் வர வேண்டியது.

சரி, ராத்திரி பார்த்தால் ஒரு வரி பாக்கி. என்ன செய்வது? ஒரு நாள் தள்ளினால் பரவாயில்லை. மூன்று நாள் தொடர்ந்து ஒரே வரியை எழுதுகிறீர்கள் என்றால் நான்காவது நாள் எழுதாதீர்கள், கேள்வி கேளுங்கள். இன்னும் உடைக்க வேண்டிய வேலையா? உண்மையிலேயே தேவையா? அல்லது என்னைவிட வேறொருவர் இதைச் சுலபமாகச் செய்வாரா?

அப்பாவின் பழைய காலண்டர் தாள்கள், கடைகளில் பில் குத்திவைப்பார்களே அந்த மாதிரி ஒரு கம்பியில், மாடக்குழியில் தொங்கும். ஒரு தடவை எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தேன். ஒரு சித்திரை மாதத்தில் பதினோரு தாளில் வரிசையாக ‘பக்கத்து வீட்டு மண்வெட்டி திருப்பிக் கொடு’ என்று இருந்தது. பத்துத் தாளில் கோடு இல்லை. பதினோராவது தாளில் கோடு இருந்தது, பக்கத்தில் அம்மாவின் கையெழுத்தில் ‘கொடுத்தாச்சு’ என்று எழுதியிருந்தது.